வலை ஈயம் உருக்கும் வீட்டில் ஈயம் உடம்புக்குள் போகும் வழி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த இரண்டு மாதத்தில் கடலூர், புதுச்சேரி குப்பங்களில் வலை வேலை மும்முரமாக நடக்கும். கிழிந்த கண்ணியைக் கோப்பார்கள், மிதவையை மாற்றுவார்கள், அடிக்கயிற்றில் தேய்ந்துபோன ஈயத்தைக் கழற்றிவிட்டுப் புதிது கட்டுவார்கள். ஈயக்குண்டு கடையில் கிலோ கணக்கில் கிடைக்கிறதுதான். ஆனாலும் கழற்றிய பழைய குண்டை வீணாக்குவானேன் என்று கொல்லையில் அடுப்பு மூட்டி, இரும்புச் சட்டியில் உருக்கி, தாங்களே அச்சில் ஊற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. தூண்டில் போடுகிற இளைஞர்களிடமும் இந்தப் பழக்கம் இருக்கிறது. அவர்களுக்காகவும், அவர்களோடு ஒரே வீட்டில் இருக்கிறவர்களுக்காகவும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். வலையில் கட்டுவது காரீயம். இரண்டும் வேறு வேறு உலோகங்கள். வெள்ளீயத்தில் ரசம் வைக்கலாம். காரீயம் கலந்த சொம்பில் வைத்தால் புளியோடு அதுவும் கரைந்து தட்டுக்கு வரும். அதனால் சொம்பை நம்பிக்கையான இடத்தில் வாங்குங்கள். இனி இந்தக் கட்டுரையில் ஈயம் என்றால் காரீயம் மட்டுமே.

வலைக்கு ஈயத்தைத் தேர்ந்தெடுத்ததில் நம் ஆட்கள் ஒன்றும் தப்பு செய்யவில்லை. ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.3 கிராம் எடை இருக்கும். அதே அளவு இரும்பு 8 கிராம்கூட வராது. சிறிய குண்டிலேயே நல்ல கனம். கடல் தண்ணீரில் இரும்பு மாதிரி துருப்பிடித்து உதிராது. சுத்தியலால் தட்டினாலே கயிற்றைக் கவ்விக்கொள்ளும் அளவுக்கு மென்மை. எல்லாவற்றுக்கும் மேலாக, 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். இரும்பை உருக்க உலை வேண்டும். ஈயத்துக்கு நாலு விறகும் ஒரு சட்டியும் போதும். இப்படிச் சுலபமாக உருகுவதால்தான் இந்த வேலை பட்டறையை விட்டு வீட்டுக்குள் வந்தது.

ஆபத்து எங்கே என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் புகையைக் காட்டுவார்கள். துண்டை மூக்கில் கட்டிக்கொண்டால் சரியாகிவிடும் என்று நினைப்பார்கள். உண்மையில் அளவான சூட்டில் ஈயம் பெரிதாக ஆவியாவதில்லை. அதன் கொதிநிலை 1,749 டிகிரி. உருகுவதற்கும் கொதிப்பதற்கும் நடுவே நீண்ட தூரம் இருக்கிறது. ஏறத்தாழ 500 டிகிரிக்கு மேல் போகும்போதுதான் ஆவி கணக்கில் எடுக்க வேண்டிய விஷயமாகிறது. விறகு அடுப்பில் ஊதுகாற்றாடியும் வைத்துவிட்டால் அந்தச் சூடு வருவது ஒன்றும் அரிதல்ல. சட்டியின் அடி மங்கலாகச் சிவந்து தெரிந்தால் எல்லை தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிக் கிளம்பும் ஆவி கண்ணுக்குப் புகையாகத் தெரியும் என்றும் இல்லை. கண்ணில் படும் கரும்புகை பெரும்பாலும் விறகு, குண்டில் ஒட்டியிருந்த நைலான் நூல், எண்ணெய் ஆகியவற்றின் புகை.

சரி, ஆவி குறைவு என்றால் பிறகு எதற்குப் பயம்? கசடுக்காக. உருகிய ஈயத்தின் மேலே ஒரு சாம்பல் நிற ஏடு படியும். காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்த ஈயம் அது. அதைக் கரண்டியால் ஒதுக்கி ஓரமாகக் கொட்டுவார்கள். ஆறியதும் கைபட்டாலே பொடியும். மாவைவிட நைசான அந்தத் தூள்தான் வினையே. காற்றில் கிளம்பும், கைரேகைக்குள் ஏறும், லுங்கியில் படியும், செருப்போடு திண்ணைக்கு வரும், பீடி பிடித்த விரலிலிருந்து உதட்டுக்குப் போகும். உலோகக் கட்டியாக இருக்கும் ஈயம் தோல் வழியாக உடம்பில் இறங்குவதில்லை. அதைத் தொடுவதைவிட, தொட்ட கையை வாயில் வைப்பதுதான் ஆபத்து.

அமெரிக்காவில் துப்பாக்கி சுடுகிறவர்கள் பலர் வீட்டிலேயே ஈயம் உருக்கித் தோட்டா வார்ப்பார்கள். சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டைச் சுத்தம் செய்து மறுபடியும் நிரப்புவார்கள். அவர்களுக்கும் இதே கதைதான். வார்க்கும் சட்டியைத்தான் பயந்து பார்ப்பார்கள். ஆனால் வெற்றுக் கூடுகளை உலர்ந்த உமிபோன்ற பொருளோடு சேர்த்து உருட்டிச் சுத்தம் செய்யும் இயந்திரத்திலிருந்து வரும் தூசியில் ஈயம் நிறைய இருக்கும். தோட்டாவைப் பற்றவைக்கும் சிறு மருந்தில் இருக்கும் ஈயச் சேர்மம், சுட்ட பிறகு கூட்டுக்குள் கரியாகப் படிந்து நிற்கிறது. அந்தக் கரிதான் தூசியாகிறது. அதனால் அனுபவசாலிகள் கூட்டை ஈரமாகவே கழுவுகிறார்கள். தூசி கிளம்ப இடமே கொடுப்பதில்லை. அந்தத் தொழிலுக்கும் நம் வலைக்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஈயத் தூளை உலர்ந்த நிலையில் கிளப்பாதே என்ற பாடம் இரண்டு இடத்துக்கும் ஒன்றே.

உடம்புக்குள் போன ஈயம் என்ன செய்யும்? உடம்பு அதைச் சுண்ணாம்புச் சத்து என்று தப்பாக எடுத்துக்கொள்கிறது. இரத்தத்தில் இருக்கும் ஈயம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும். குறைந்ததில் ஒரு பகுதி பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறும். மிச்சத்தில் பெரும்பகுதி எலும்பில் போய் உட்காரும். எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கும். கர்ப்ப காலத்தில் தாயின் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைந்து குழந்தைக்குப் போகும்போது பழைய ஈயமும் கூடவே போகிறது. பத்து வருஷத்துக்கு முன்னால் சிறுமியாக அப்பாவுக்கு ஈயம் உருக்க உதவிய பெண், இன்று தாயாகும்போது அந்தக் கணக்கைக் கட்ட வேண்டியிருக்கலாம்.

இரத்தச் சிவப்பணுவுக்கு நிறம் தரும் பொருளை உடம்பு தயாரிப்பதை ஈயம் தடுக்கிறது. அதனால் சோகை வரும். பெரியவர்களுக்கு இரத்த அழுத்தம் கூடும், சிறுநீரகம் கெடும். வயிற்றுவலி, மலச்சிக்கல், தலைவலி, மூட்டுவலி, அசதி, எதற்கெடுத்தாலும் எரிச்சல் இவையெல்லாம் வரலாம். இதில் எதை நாம் ஈயத்தோடு முடிச்சுப் போடுவோம்? கடலுக்குப் போகிறவருக்கு மூட்டுவலி இல்லாமல் இருக்குமா? "எங்கப்பா காலத்துல இருந்து உருக்குறோம், என்ன ஆயிடுச்சு?" என்று கேட்கிற பெரியவரோடு வாதாடிப் பயனில்லை. அவருக்கு ஆனது எது, ஆகாதது எது என்று யாரும் அளந்து பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

குழந்தைகள் விஷயத்தில் இந்தச் சமாதானம்கூடக் கிடையாது. விழுங்கிய ஈயத்தில் பெரியவர் உடம்பு எடுத்துக்கொள்வதைப் போல நாலைந்து மடங்கு சிறு குழந்தையின் உடம்பு எடுத்துக்கொள்ளும். மூளை வளர்கிற வயதில் போன ஈயம் படிப்பையும் கவனத்தையும் நடத்தையையும் பாதிக்கும். அந்தப் பாதிப்பு திரும்பிச் சரியாவதில்லை. பாதுகாப்பான அளவு என்று எதுவும் தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் இருந்தாலே ஈயம் எங்கிருந்து வந்தது என்று தேடி நிறுத்த வேண்டும் என்பது அதன் வழிகாட்டுதல். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இரண்டு வயதுக் குழந்தையின் உடம்பில் சுமார் ஒரு லிட்டர் இரத்தம் இருக்கும். கணக்குப் போட்டால் அந்த ஒரு லிட்டரில் 50 மைக்ரோகிராம். சமையலுக்குப் போடும் தூள் உப்பில் ஒரே ஒரு மணியின் எடை கிட்டத்தட்ட அவ்வளவுதான் வரும். உடம்பின் மற்ற இடங்களில் தங்குவதையும் சேர்த்தால் போன அளவு இதைவிடக் கூடுதல்தான். ஆனாலும், கசடு கொட்டிய இடத்தில் தவழ்ந்துவிட்டு விரல் சூப்புகிற குழந்தைக்கு இது எவ்வளவு சுலபம் என்று புரிந்துகொள்ள இந்தக் கணக்கு போதும்.

மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டுத் தலைநகர் டாக்கரின் ஓரத்தில் தியாரோய் என்று ஒரு கடற்கரை ஊர் இருக்கிறது. அங்கே பழைய வாகன பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுக்கும் வேலை வீடுகளைச் சுற்றியே நடந்தது. ஈயம் கலந்த மண்ணைப் பெண்கள் சலித்தார்கள். பக்கத்திலேயே குழந்தைகள் விளையாடினார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் செத்துப்போனார்கள். காரணம் முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஆய்வாளர்கள் அந்த ஊரில் 81 பேரைப் பரிசோதித்தபோது 81 பேருக்குமே ஈய நஞ்சு ஏறியிருந்தது. கடலூரில் நஞ்சு என்றாலே எல்லார் கையும் சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகள் பக்கம் நீளும். அதற்கு நியாயமும் இருக்கிறது. ஆனால் ஆலையே இல்லாத கொல்லையிலும் நஞ்சு உண்டாகும் என்பதற்குத் தியாரோய் சாட்சி.

அதனால் இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் பேரம் பேசாமல் சொல்கிறேன்: பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்காதீர்கள். உள்ளே இருப்பது வெறும் உலோகத் தகடு இல்லை. தகட்டில் அப்பியிருக்கும் பசை முழுக்க ஈய ஆக்சைடும் ஈய சல்பேட்டும். ஏற்கெனவே தூளாகும் பக்குவத்தில் இருப்பவை. கந்தக அமிலம் கையையும் கண்ணையும் பொசுக்கும். தகட்டோடு ஆன்டிமணி, ஆர்சனிக் போன்றவையும் கலந்திருக்கும். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரி பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையத்துக்குத்தான் போக வேண்டும். புது பேட்டரி வாங்கும்போது பழையதைக் கடையிலேயே கொடுத்துவிட்டு விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

பழைய வலைக்குண்டை மட்டும் உருக்குகிறவர்களுக்கு இனி வேலை முறை. சுலபமான வழி உருக்காமலிருப்பது. குண்டை விற்றுவிட்டுப் புதுசு வாங்குவது. வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் என் யோசனை அதுதான். இல்லை, உருக்கியே ஆக வேண்டும் என்றால், இடத்தைப் பற்றி முதலில் யோசியுங்கள். சமையலறை, திண்ணை, தகரக் கொட்டகை எதுவும் ஆகாது. வெட்ட வெளி வேண்டும்; குடிதண்ணீர்க் குழாயும் கோழிக்கூடும் பக்கத்தில் இருக்கக் கூடாது. கோழியைச் சும்மா சொல்லவில்லை. அது கிளறித் தின்கிற மண்ணில் ஈயம் இருந்தால் முட்டைக்குள்ளும் வந்துவிடும்.

காற்றையும் பார்க்க வேண்டும். இதை மீனவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனாலும் நேரம் முக்கியம். தேவனாம்பட்டினமோ வீராம்பட்டினமோ, நம் கரையில் கடல் கிழக்கே, வீடுகள் மேற்கே. கோடையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று எழுந்தால் மணலில் மூட்டிய அடுப்பின் புகை முழுவதும் ஊருக்குள்தான் போகும். விடிகாலையில் கரைக்காற்று கடலைப் பார்த்து வீசும்போது வேலையை முடித்துவிடுவது நல்லது. காற்று பக்கவாட்டில் அடிக்கும்படி உட்காருங்கள். முதுகில் வாங்கினால் உடம்புக்கு முன்னால் காற்று சுழன்று புகை முகத்துக்கே திரும்பும்.

அதற்காக விடிகாலையில் வெறும் வயிற்றில் உட்காராதீர்கள். சாப்பிட்ட வயிற்றைவிட வெறும் வயிறு ஈயத்தைப் பல மடங்கு கூடுதலாக இழுத்துக்கொள்ளும். நாலு இட்லியோ கேழ்வரகுக் கூழோ முதலில் உள்ளே போகட்டும். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடம்பும் இதேபோல் ஈயத்தை அதிகம் ஏற்கும். கீரை, கேழ்வரகு, முள்ளோடு தின்கிற நெத்திலி எல்லாம் இந்த வகையில் நல்ல துணை. ஆனால் துணை மட்டுமே, மருந்து இல்லை.

பழைய குண்டுகளை உருகிய ஈயத்துக்குள் போடவே கூடாது. குண்டின் துளைக்குள் கடல் தண்ணீரும் ஈர மணலும் தங்கியிருக்கும். உருகிய ஈயத்துக்கு அடியில் மாட்டிய ஒரு சொட்டு நீர் நொடியில் ஆவியாகி ஆயிரத்து எழுநூறு மடங்கு வரை விரியப் பார்க்கும். சட்டியில் இருப்பது முழுவதும் மேலே தெறிக்கும். முகமும் கண்ணும் போவது பெரும்பாலும் இப்படித்தான். அதனால் குண்டுகளிலிருந்து நூலைப் பிய்த்துவிட்டு, கழுவி, ரெண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, குளிர்ந்த சட்டியில் போட்டுச் சட்டியோடு சேர்த்துச் சூடேற்றுங்கள். அச்சும் காய்ந்து லேசாகச் சூடாக இருக்க வேண்டும். மழை தூறினால் வேலையை நிறுத்திவிடுங்கள். கால் மூடிய செருப்பு, முழுக்கைச் சட்டை, கண்ணாடி, தோல் கையுறை எல்லாம் இந்தத் தெறிப்புக்காகத்தான்.

உருகியதும் விறகை வெளியே இழுத்துத் தீயைக் குறைத்துவிடுங்கள். ஊற்றுவதற்குத் தேவையான சூட்டுக்கு மேல் ஒரு டிகிரிகூட லாபம் தராது, கசடுதான் கூடும். கசடை மெதுவாக ஒதுக்கி, மூடி போட்ட தகர டின்னில் போடுங்கள். தட்டி உதிர்க்க வேண்டாம், தென்னை மரத்தடியில் கொட்டவும் வேண்டாம். ஈயம் மக்காது; கொட்டிய இடத்திலேயே தலைமுறைக்கும் கிடக்கும். டின் நிறைந்ததும் மூடியை இறுக்கி, ஈயக் கழிவை முறையாக எடுத்துக்கொள்ளும் இடத்துக்கு அனுப்புங்கள். உருக்கிய சட்டியும் கரண்டியும் அதற்கு மட்டுமே. கழுவிவிட்டுக் குழம்பு வைக்கிற பேச்சே இருக்கக் கூடாது.

முகக்கவசம் பற்றிக் கேட்பார்கள். துண்டும் ஆஸ்பத்திரி நீலக் கவசமும் இந்தத் தூசிக்குப் பிரயோஜனப்படாது. முகத்தோடு இறுகப் பொருந்தும், பி100 என்று குறிப்பிட்ட வடிகட்டி வைத்த ரப்பர் கவசம்தான் ஈயத்துக்கானது. தாடி வைத்திருந்தால் அதுவும் சரியாகப் பொருந்தாது. என்னைக் கேட்டால், கவசத்துக்குச் செலவழிக்கிற அக்கறையில் பாதியைச் சோப்புக்குக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஆமாம், சோப்பு. வேலை முடிகிற வரைக்கும் பீடி, டீ, வெற்றிலை, ஹான்ஸ் எதுவும் கூடாது. போன் எடுக்கிற கையும் அதே கைதான் என்று நினைவிருக்கட்டும். முடிந்ததும் கையையும் முகத்தையும் சோப்பு போட்டு, நகக்கண்ணைத் தேய்த்துக் கழுவுங்கள். கடல் தண்ணீரில் அலசுவது கணக்கில் சேராது. வேலைத் துணியை வாசலுக்கு வெளியிலேயே கழற்றி, பிள்ளைகள் துணியோடு கலக்காமல் தனியாகத் துவைக்க வேண்டும். தலைக்குக் குளித்த பிறகுதான் குழந்தையைத் தூக்க வேண்டும். சமாளிக்கக் கஷ்டமானது இதுதான். அப்பாவைப் பார்த்ததும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கிற பிள்ளையை நிறுத்திவைப்பது லேசான காரியமா? அம்மாவிடமோ ஆயாவிடமோ முன்கூட்டியே சொல்லிவைத்துப் பிள்ளையை வேறு பக்கம் கூட்டிப்போகச் சொல்லுங்கள். அப்புறம், தரையில் தூள் சிந்தியிருந்தால் துடைப்பத்தை எடுக்காதீர்கள். ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். பெருக்கினால் கீழே கிடந்தது மூக்குக்கு வரும்.

உருக்காத வீட்டிலும் ஈயம் உண்டு. வலையில் நாள்பட்ட குண்டின் மேல் வெண்மையும் சாம்பலுமாக ஒரு பூச்சு படிந்திருக்கும். தொட்டால் கையில் ஒட்டும். அந்த வலையைத் திண்ணையில் குவித்து, அதன் மேலேயே உட்கார்ந்து மராமத்துப் பார்த்துக்கொண்டே சோறு தின்பது நம் ஊரில் சாதாரணம். குழந்தைகளுக்கு அந்தக் குவியல் மெத்தை. வலையை வீட்டுக்கு வெளியே தார்ப்பாய்க்கு அடியில் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். தூண்டில்காரர்கள் சின்ன ஈயத்தைப் பல்லால் கடித்துத் தூண்டில் நரம்பில் இறுக்குவதை இன்றே விட வேண்டும், குறடு இருக்கிறது. சிறிய தூண்டில் ஈயத்தின் விற்பனையைப் பிரிட்டன் 1987இலேயே தடை செய்தது. அன்னப்பறவைகள் கூழாங்கல் என்று விழுங்கிச் செத்துக்கொண்டிருந்ததுதான் காரணம்.

குழந்தை ஒரு குண்டை விழுங்கிவிட்டால் "வெளிக்குப் போகும்போது வந்துவிடும்" என்று காத்திருக்க வேண்டாம். வயிற்று அமிலம் ஈயத்தைக் கரைக்கும். வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். எக்ஸ்ரேயில் ஈயம் தெளிவாகத் தெரியும்.

வருஷக்கணக்காக உருக்கி வருகிறவர் இரத்தத்தில் ஈய அளவைப் பார்த்துவிடுவது நல்லது. வழக்கமான இரத்தப் பரிசோதனையில் இது வராது. கையின் இரத்தக் குழாயிலிருந்து இரத்தம் எடுத்துத் தனியாகச் செய்யும் சோதனை இது. மருத்துவரிடம் உங்கள் தொழிலைச் சொல்லி, ஈய அளவு பார்க்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். அவராக ஊகிப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் பாருங்கள். அளவு கூடுதலாக இருந்தால் முதல் சிகிச்சை ஈயம் வருகிற வழியை அடைப்பதுதான். மிக அதிகமாக இருந்தால் ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து உண்டு; அதை மருத்துவர் கண்காணிப்பில்தான் கொடுப்பார்கள். கொத்தமல்லிச் சாறு குடித்தால் ஈயம் இறங்கிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். வழியை அடைத்து ரெண்டு மூணு மாதம் கழித்து மறுபடி இரத்தம் எடுத்துப் பார்த்தால், செய்த மாற்றம் பலன் தந்ததா என்பது எண்ணிலேயே தெரிந்துவிடும்.